இரண்டு பழைய பனி அரங்குகள்: டொராண்டோவா, மாண்ட்ரியலா?

கனடாவின் பழைய ஐஸ் ஹாக்கி அரங்குகளில் என் ஓட்டு டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குத்தான். 1931-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, சுமார் ஐந்தே மாதங்களில் எழுந்த கட்டடம். கையில் காசு போதாமல், தொழிலாளர்களின் கூலியில் ஒரு பகுதியைப் பங்குகளாகவே கொடுத்தார்கள்! 1999-இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி வெளியேறியது. இன்று கீழே பல்பொருள் அங்காடி, மேலே பல்கலைக்கழகத்தின் பனித்தளம். அங்காடித் தரையில் ஒரு சிவப்பு வட்டம்: பழைய ஆட்டக்களத்தின் மையம் அது. தள்ளுவண்டிகள் அதன்மேல் உருண்டு போகின்றன.

மாண்ட்ரியல் ஃபோரம் மூத்தது, 1924. கோப்பைக் கணக்கிலும் கனடியன்ஸ் அணியின் இந்த வீடே முந்தும். அந்த அணியின் நட்சத்திர வீரர் மொரீஸ் ரிஷாருக்குத் தடை விதித்ததால் ரசிகர்களுக்கு எழுந்த கோபம் 1955-இல் இங்கிருந்துதான் தெருக்கலவரமாகப் பரவியது. 1996-இல் அணி கிளம்பியபின் உள்ளே குடைந்து திரையரங்க வளாகமாக்கிவிட்டார்கள். நினைவுப் பொருட்கள் உண்டு; பனியைத்தான் காணோம்.