ஹம்மிங்பேர்ட் ஃபீடர்: தலைகீழ் பாட்டிலா, தட்டை டப்பாவா?

பூத்தேன் குடிக்கும் குட்டிப் பறவையான ஹம்மிங்பேர்டுக்கு (ரீங்காரச் சிட்டு) சர்க்கரைத் தண்ணீர் வைக்க வீட்டிலேயே செய்யக்கூடிய ஃபீடர்கள் மூன்று வகை: தலைகீழாகத் தொங்கும் பாட்டில், மூடியில் துளையிட்ட தட்டை டப்பா, கம்பியில் கட்டிய குட்டிக் குப்பி. மூன்றுக்குமே சிட்டு வரும். அதனால் ‘எதற்கு வரும்’ என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. கோடை முழுக்க, இரண்டு நாளுக்கொரு முறை, சலிக்காமல் எதைக் கழுவ முடியும் என்றுதான் பார்க்க வேண்டும். கெட்டுப்போன பாகு வைப்பதைவிட எதுவும் வைக்காமல் இருப்பது அந்தப் பறவைக்கு நல்லது. இந்தக் கணக்கில் தட்டை டப்பாவுக்கே எங்கள் ஓட்டு.

இந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. டொரோண்டோ, நியூ ஜெர்சி பக்கம் தோட்டத்துக்கு வருவது மாணிக்கத் தொண்டைச் சிட்டு. மேற்குக் கரையில், கலிபோர்னியா முதல் வான்கூவர் வரை, அன்னா சிட்டு ஆண்டு முழுவதும் இருக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செம்பருத்தியைச் சுற்றுவது தேன்சிட்டு. அது வேறு குடும்பம். பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். அங்கே ஃபீடர் தேவையில்லை, பூச்செடி போதும்.

பாகு மூன்றுக்கும் ஒன்றுதான். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர்; ஒரே கப்பால் இரண்டையும் அளக்க வேண்டும். கால் கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர். சுடுநீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றவும். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். அடுப்பில் நெடுநேரம் விட்டால் தண்ணீர் வற்றி விகிதம் மாறிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை நல்லது என்ற பழக்கத்தில் நம் கை அந்த டப்பாவுக்குப் போகும். போகக் கூடாது. அவற்றில் இருக்கும் இரும்புச்சத்து இந்தப் பறவையின் உடலில் தங்கிக் கேடு செய்யும். தண்ணீர் கலந்த தேனில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வேகமாக வளரும். கேசரிப் பவுடரோ வேறு சிவப்புச் சாயமோ வேண்டவே வேண்டாம். சிவப்பு மூடியில் இருந்தால் போதும். மிச்சப் பாகை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

தலைகீழ் பாட்டில்

பார்க்க அழகானது இதுதான். 200 மில்லி கண்ணாடி பாட்டிலின் மூடியில் 5.5 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை இறுக்கிச் செருகி, மீன் தொட்டி சிலிக்கோனால் அடைத்து, இரண்டு நாள் காயவிட வேண்டும். மெலிந்த பிளாஸ்டிக் பாட்டில் எடுக்காதீர்கள்; பக்கம் சற்று அமுங்கினாலும் பாகு பீய்ச்சி வெளியேறும். வளையும் உறிஞ்சுகுழலைச் செருகுவதும் வேண்டாம், அது முதல் நாளே கசியும். குழாயின் வாய் மிக அகலமாக இருந்தால் சொட்டும்; மிகக் குறுகலாக இருந்தால் நடுவில் காற்றுக்குமிழி அடைத்துக்கொண்டு பாகே இறங்காது. இதற்கென்றே நுனியில் எஃகுக் குண்டு வைத்த வளைந்த குழாய், ரப்பர் அடைப்பானோடு கடையில் கிடைக்கிறது. பாட்டில்தான் வேண்டும் என்பவர்கள் அதை வாங்கிப் பொருத்துவது மேல்.

அதைப் பொருத்தினாலும் ஒரு சிக்கல் தீராது. பாட்டிலுக்குள் பாகைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் அழுத்தம். மேலே தேங்கிய காற்று வெயிலில் சூடேறி விரியும்போது பாகைக் கீழே தள்ளும். பாட்டில் பாதி காலியானால் உள்ளே காற்று அதிகம், அதனால் சொட்டுவதும் அதிகம். சொட்டும் இடத்துக்கு எறும்பும் குளவியும் உடனே வந்துவிடும். சொட்டாமல் இருக்க பாட்டிலை நிறைத்து வைக்கலாம். ஆனால் மாணிக்கத் தொண்டைச் சிட்டின் எடையே ஏறக்குறைய 3 கிராம். ஒரு நாளில் தன் எடையைப் போல் இரு மடங்கு குடித்தாலும் 6 மில்லிதான் ஆகும். இரண்டு மூன்று சிட்டு வரும் தோட்டத்தில் நிறைத்த பாட்டிலில் பெரும்பகுதி கெட்டு, கீழே கொட்டத்தான் போகிறது. குறைத்து ஊற்றினால் சொட்டும், நிறைத்தால் வீணாகும்: இந்த வகையின் அமைப்பே அப்படி.

கழுவுவது அதைவிடப் பாடு. கறுப்புப் பூஞ்சை பிடிப்பது பாட்டிலின் தோளிலும் குழாயின் வளைவிலும். பாட்டிலுக்கு ஒரு பிரஷ், குழாய்க்கு ஊசி போன்ற இன்னொரு பிரஷ் வேண்டும். சிலிக்கோன் ஓரத்தில் பிடித்தால் அந்த மூடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தட்டை டப்பா

சாப்பாடு வைக்கும் வட்ட டப்பா ஒன்று, சுமார் 10 சென்டிமீட்டர் அகலமும் 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது, இறுக்கமான சிவப்பு மூடியோடு. சிவப்பு மூடி கிடைக்காவிட்டால் மூடியின் நடுவில் சிவப்பு எலக்ட்ரிக் டேப்பைப் பூ மாதிரி வெட்டி ஒட்டலாம். துளைக்குப் பக்கத்தில் பெயின்டோ நகப்பூச்சோ பூசாதீர்கள். மஞ்சள் எங்கேயும் வேண்டாம். அது குளவியை இழுக்கும்.

உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிட்டின் அலகு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். நாக்கு அதற்கப்பால் கிட்டத்தட்ட அதே நீளம் நீளும். ஆக மூடிக்குக் கீழே 3 சென்டிமீட்டர் வரை எட்டும். தேனீயின் நாக்கோ 6, 7 மில்லிமீட்டர்தான். பாகின் மட்டம் மூடிக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் கீழே நின்றால் சிட்டுக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. தேனீத் தொல்லைக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது. ஆழமான டப்பா எடுத்தால் அடியில் இருக்கும் பாகு யாருக்கும் எட்டாமல் கிடந்து புளிக்கும்.

மூடியில் விளிம்பிலிருந்து 1.5 சென்டிமீட்டர் உள்ளே, நான்கு திசைக்கு ஒன்றாக நான்கு துளை. ஒவ்வொன்றும் 3 முதல் 4 மில்லிமீட்டர். பெரிதானால் தேனீ உள்ளே விழுந்து சாகும், பாகும் கெடும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் குத்தினால் துளையைச் சுற்றி உருகிய விளிம்பு நிற்கும். மூடிக்கு அடியில் மரத்துண்டை வைத்து டிரில் போடுவதே சரி. பிறகு 220 நம்பர் உப்புத்தாளால் இரு பக்கமும் தேய்த்து, ஒரு துணுக்குப் பஞ்சைத் துளைக்குள் இழுத்துப் பாருங்கள். ஓர் இழை சிக்கினாலும் இன்னும் தேய்க்க வேண்டும். அந்த வழியாகப் போய்வருவது முடி போன்ற நாக்கு.

தொங்கவிட டப்பாவின் நடுவில் துளைத்து போல்ட் போடும் வழக்கம் உண்டு. அங்கேதான் கசிவு தொடங்கும், துருவும் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் விளிம்புக்குக் கீழே ஒரு வளையம் கட்டி, அதிலிருந்து சம நீளத்தில் மூன்று கம்பிகளை மேலே இழுத்துச் சேர்த்தால் டப்பா சாயாது. காற்று அதிகமுள்ள இடத்தில் தொங்கவிடவே வேண்டாம். ஆடினால் பாகு தளும்பித் துளை வழியே வழியும். கம்பத்தின் மேல் சிறு பலகை அடித்து அதில் உட்கார வையுங்கள்.

இதன் குறை மழை. துளை வழியே தண்ணீர் இறங்கிப் பாகு நீர்த்துப்போகும். கூரை ஓரத்தில் வைக்கலாம், இல்லாவிட்டால் மழை விட்டதும் மாற்றிவிட வேண்டும். மற்றபடி மூடியைக் கழற்றினால் விரல் எல்லா மூலைக்கும் போகிறது. சுடுநீரும் ஸ்பாஞ்சும் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

குட்டிக் குப்பி

10, 15 மில்லி பிடிக்கும் குப்பியைக் கம்பியில் சுற்றிச் சாய்வாகக் கட்டுவது. குழந்தைகளோடு சேர்ந்து செய்ய ஏற்றது, தினமும் கழுவி நிரப்பியே ஆக வேண்டும். வாய் திறந்திருப்பதால் தேனீ, எறும்பு, மழை எல்லாம் உள்ளே வரும். ஆனாலும் ஒரு பயன் உண்டு. ஆண் சிட்டு ஒரு ஃபீடரைத் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும். டப்பா முன்பக்கம் இருந்தால் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி வீட்டின் பின்பக்கம் இரண்டு குப்பி கட்டினால் விரட்டப்பட்டவற்றுக்கு வழி பிறக்கும்.

எந்த வகையானாலும்

எறும்புக்கு நம் சமையலறை வழியே போதும்: சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல. சிறு கிண்ணத்தின் அடியில் கொக்கிக் கம்பியைச் செருகி, துளையைச் சிலிக்கோனால் அடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃபீடருக்கு மேலே மாட்டுங்கள். கம்பியில் எண்ணெயோ கிரீஸோ தடவுவது தவறு. இறகில் ஒட்டினால் பறவையால் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் 10 மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் நல்லது. கும்பிடுபூச்சி ஃபீடரில் காத்திருந்து சிட்டையே பிடிக்கும். கண்டால் எடுத்துத் தூரத்துச் செடியில் விட்டுவிடுங்கள்.

32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் தினமும், 25-ஐ ஒட்டி இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை, குளிர்ந்த வாரங்களில் ஐந்து நாளுக்குள் பாகை மாற்ற வேண்டும். கலங்கினாலோ இழை மிதந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். கறுப்புப் புள்ளி கண்டால் 4 லிட்டர் தண்ணீரில் 60 மில்லி ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசிக் காயவிடவும். வினிகரால் கழுவுவதானால் அதைத் தனியாகச் செய்யுங்கள். ப்ளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஒன்டாரியோவில் ஏப்ரல் கடைசியில் மாட்டி, கடைசிச் சிட்டைப் பார்த்த பிறகும் இரண்டு வாரம் விட்டு வைக்கலாம். ஃபீடர் இருப்பதால் அவை வலசை போகாமல் தங்கிவிடாது. வான்கூவர், சியாட்டில் பக்கம் குளிர்காலத்திலும் அன்னா சிட்டு இருப்பதால் இரண்டு டப்பா செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு நான்கு பாகு பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே உறையத் தொடங்கும். இரவில் உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்கு முன் வெளியே மாட்டி, உறைந்ததும் மற்றொன்றை மாற்ற வேண்டும். இரவுக் குளிரைத் தாண்டி வரும் சிட்டு விடிந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.