வில்லின் முதுகு: கடுக்காய்க் கறுப்பா, ஸ்பிரிட் சாயமா?

ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டையே பூஞ்சணம் பூத்துவிடும். மர வில் எந்த மூலைக்கு? கையால் செதுக்கிய வில்லுக்கு என்ன நிறம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது ஈரத்தைப் பற்றித்தான்.

முதுகு என்பது எய்பவருக்கு எதிர்ப்புறம், குறியைப் பார்த்திருக்கும் பக்கம். நாணை இழுக்கையில் எய்பவரைப் பார்த்த பக்கமான வயிறு நசுங்கும், முதுகு இழுபடும். முதுகில் ஒரு நார் எழும்பினால் அங்கிருந்தே வில் பிளக்கத் தொடங்கலாம்.

முதலில் கடுக்காய். தோலை இடித்து ஊறவைத்த தண்ணீரைப் பூசி, காய்ந்ததும் இரும்பு ஊறிய வினிகரை ஒரு கை தடவினால் கண்ணெதிரே மரம் கறுக்கும். கலம்காரித் துணியின் கறுப்பும் கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வருவதே. நாட்டு மருந்துக் கடைச் சரக்கு, எளிதில் வெளுக்காது. எனக்கு மிகப் பிடித்த நிறமும் இதுதான்; ஆனாலும் முதுகில் பூச மாட்டேன். தண்ணீர் பட்டதும் மரநார் சிலிர்த்து நிற்கும், உப்புத்தாள் போட்டாக வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல். அழுத்தித் தேய்த்தால் முதுகாக விட்டுவைத்த மரத்தின் ஆண்டு வளையமே அறுபடும். அதைவிடப் பெரிய குறை, அடர்ந்த கறுப்பில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எனாமல் பெயிண்டுக்கும் இதே காரணத்தால் தடா.

ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் நாரை அவ்வளவாகக் கிளப்பாது, ரேகையும் தெரியும். வேகமாகக் காய்வதால் கை தயங்கிய இடம் திட்டாகும். வெயிலில் சில சாயங்கள் வெளுக்கும். மூங்கில் முதுகானால் பளபளத் தோலில் எந்தச் சாயமும் ஒட்டாமல் வழுக்கும். மெழுகுப் படலத்தை மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும்.

மேற்பூச்சில் ஆளிவிதை எண்ணெய்க்கு ரசிகர்கள் அதிகம். அழகு உண்மைதான், ஆனால் காற்றின் ஈரத்தை அது தடுப்பது சொற்பம். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஈரத்தை நன்றாகவே தாமதப்படுத்தும். தண்ணீர் தேங்கினால் வெளுத்துவிடும், ஸ்பிரிட் சாயத்தின் மேல் தேய்த்தால் சாயத்தையும் இழுத்துக்கொண்டு வரும். வள்ளத்துக்கு அடிக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை ஒருவர் சொன்னார். பிடியில் அது இருந்தால் உள்ளங்கை கொப்பளிக்கலாம், வேண்டாம்.

ஆகவே இந்தக் கரைக்கு என் தேர்வு: முதுகில் இளம்பழுப்பு ஸ்பிரிட் சாயம், வில் முழுக்க பாலியூரிதேன் வார்னிஷ் மெல்லிசாக மூன்று, நான்கு கை. கனமாக ஒரே பூச்சு அடித்தால் வளைவில் வெடிக்கும். கறுப்பு ஆசை விடாதவர்கள் வயிற்றுப் பக்கம் கடுக்காயைப் போட்டு, பல நாள் உலரவிட்டு, பிறகு வார்னிஷ் அடிக்கலாம்.

தனுஷ்கோடி என்றால் வில்லின் நுனி. மெய்யான வில்லிலும் நுனியில்தான் வெட்டிய மரக்குழல்கள் வாய் திறந்து ஈரம் குடிக்கும். அங்கே ஒரு பூச்சு கூடுதலாக விடுங்கள். நாண் ஏற்றுமுன் முதுகில் பஞ்சை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். எங்காவது பிசிறு மாட்டினால் அன்றைக்கு வில்லை வளைக்க வேண்டாம்.