வாட் கணக்கு: ஓம் பார்ப்பதா, கிளாம்ப் பிடிப்பதா, மீட்டர் துடிப்பை எண்ணுவதா?

ஒரு கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பல்லடம் பக்கத்தில் மூன்று வழிகளைக் கையாள்கிறோம். மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து, வோல்ட்டின் வர்க்கத்தை அந்த ஓமால் வகுப்பது ஒன்று. கருவி ஓடும்போதே வோல்ட்டையும், கம்பியை வளையத்துக்குள் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் பார்த்துப் பெருக்குவது இன்னொன்று. மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சின்ன விளக்கை எண்ணுவது மூன்றாவது. மூன்றையும் ஒரே வாரத்தில் செய்து பார்த்தேன்.

முதலில் வாளியில் வைக்கும் ஹீட்டர். மேலே 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் 34.9 ஓம். மின்னழுத்தத்தை 230 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டால் 1516 வாட் வருகிறது. ஆனால் அன்று காலை எங்கள் வீட்டில் 222 வோல்ட்தான் இருந்தது, கிளாம்ப் 6.2 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 1376 வாட். 222ஐ 6.2ஆல் வகுத்தால் 35.8 ஓம். சூடேறிய கம்பியின் தடை சற்றே கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஹீட்டருக்கு எந்த வழியில் போனாலும் பெரிய தவறு நேராது. வோல்ட்டை மட்டும் ஊகிக்காமல் அளந்துகொள்ள வேண்டும்.

கிளாம்ப் பிடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதன்முதலில் நான் ஹீட்டரின் முழு வயரையும் வளையத்துக்குள் விட்டேன், பூஜ்யம் காட்டியது. மீட்டர் பழுது என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற மின்பணியாளர், “ஒரே ஒரு கம்பியை மட்டும் பிடி, கண்ணு” என்றார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமம், திசை எதிர். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதற்காகவே ஓர் எக்ஸ்டென்ஷன் வயரின் மேலுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நீக்கி வைத்திருக்கிறேன். உள்ளிருக்கும் கம்பிகளின் உறையில் கீறல்கூட விழக் கூடாது.

குண்டு பல்பில் ஓம் வழி கவிழ்ந்துவிடுகிறது. இங்கே கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க இன்னும் அந்தப் பல்புகளைத் தொங்கவிடுகிறார்கள். 60 வாட் பல்பை அணைந்த நிலையில் அளந்தேன், 65 ஓம். கணக்குப்படி அது 814 வாட் இழுக்க வேண்டும்! எரியும்போது டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காய்ந்து அதன் தடை 880 ஓம் வரை ஏறிவிடுகிறது. ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்ட விதி இங்கே பொய்க்கவில்லை. ஆறிய இழையின் தடையைக் கொதிக்கும் இழைக்குப் பொருத்தியதுதான் பிழை.

மோட்டாருக்கு வருவோம். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகின. மோட்டாரும் பம்புசெட்டும் இந்த மண்ணின் தொழிலாகவே ஆயின. கிரைண்டர், தறி, கிணற்று மோட்டார் என்று இங்கே வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே மோட்டாரைச் சரியாக அளக்கும் வழிதான் நமக்கு வேண்டும்.

எங்கள் வீட்டு ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின், அதாவது காயிலின், தடை 4.1 ஓம். ஓம் கணக்கை நம்பினால் அது 13,000 வாட் அளவுக்கு இழுக்க வேண்டும். கிளாம்ப்போ 220 வோல்ட்டில் 6.2 ஆம்பியர்தான் காட்டியது. ஓடும் மோட்டாரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது கம்பியின் தடை மட்டுமல்ல; காந்தப்புலம் எழுப்பும் எதிர் அழுத்தமே பெரும் பங்கு வகிக்கிறது. 220ஐ 6.2ஆல் பெருக்கினால் 1364. இதை வாட் என்று எழுதினால் தவறு. வோல்ட்-ஆம்பியர் என்றே சொல்ல வேண்டும்.

உண்மையான வாட்டைக் கொடுத்தது விளக்குத் துடிப்பு. எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருக்கிறது; இந்த எண் மீட்டருக்கு மீட்டர் மாறலாம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும், பிரிட்ஜ் உட்பட, அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினேன். முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று வைத்து, பத்தாவதில் கடிகாரத்தை நிறுத்தினேன்: 10.2 விநாடி. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், ஆகவே பத்துத் துடிப்புக்கு 11,250 ஜூல். அதை விநாடியால் வகுத்தால் 1103 வாட். 1103ஐ 1364ஆல் வகுத்தால் 0.81, அதுதான் திறன் காரணி: வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண். ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த இந்த எண்ணை நான் மிக மதிக்கிறேன். பிளக்கில் செருகும் வாட் மீட்டரும் இதையே காட்டும். ஆனால் ஆழ்குழாய் மோட்டாரை அதில் செருக முடியாது.

தோட்டத்தில் நிலைமை வேறு. இலவச மின்சாரம் என்பதால் பல இடங்களில் மீட்டரே கிடையாது. எண்ணத் துடிப்பும் இல்லை. அங்கே கிளாம்ப்தான் துணை. அழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹீட்டர் 1000 வாட்டோடு அடங்கிவிடும். மோட்டார் அடங்காது, தண்ணீரைத் தூக்கியாக வேண்டுமே, மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். 6.2 ஆம்பியர் 7.4 ஆனால் காயிலின் சூடு நாற்பது சதவீதம் கூடும், ஏனென்றால் அது மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் கிளாம்ப் மீட்டரையே வாங்குங்கள்.

ஓம் அளவையும் கைவிட வேண்டாம். வாட் கணக்குக்குத்தான் அது உதவாது. காயிலின் உடல்நிலையை அதுதான் சொல்லும். மும்முனை மோட்டார் என்றால் மூன்று முனைகளையும் இரண்டிரண்டாக அளந்து பார்க்கலாம். மூன்று அளவும் சமமாக இருக்க வேண்டும். போன கோடையில் வீட்டு மோட்டார் கருகி, ஒரு பட்டறையில் காயில் கட்டி வந்தது. அளந்தேன், 4.9 ஓம். பழைய அளவான 4.1, மோட்டார் அறையின் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அதே 6.2 ஆம்பியருக்குக் காயிலில் மட்டும் 158 வாட்டாக இருந்த சூடு இனி 188 ஆகும். கழற்றிப் பார்த்ததில் மெல்லிய கம்பியைச் சுற்றியிருந்தார்கள். சுவரைக் காட்டிப் பேசிய பிறகு பழைய பருமனிலேயே மறுபடி கட்டிக் கொடுத்தார்கள், இப்போது 4.1க்குக் கீழே 4.2 என்று எழுதியிருக்கிறேன்.