பாதம் நக்கும் நாய்க்கு மருந்து ஷாம்பு: நீண்ட நாள் அனுபவம்

கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடினும் பூஞ்சையைக் கொல்லும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவைச் சில வருடங்களாக எங்கள் லாப்ரடார் மணிக்குப் போட்டு வருகிறோம். நல்ல பலன் தருகிறது. ஆனால் இதை மட்டும் நம்பி அரிப்பை அடக்க முடியாது.

மணி முன்னங்கால்களை ஓயாமல் நக்குவான். எச்சிலில் உள்ள போர்ஃபிரின் நிறமியால் விரலிடுக்கு முடி துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். சென்னையில் ஐப்பசி மழை தொடங்கினால் புளித்த வாடையும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் டேப் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலாசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) பெருகியிருப்பதாகச் சொன்னார். அதோடு தெள்ளுப்பூச்சி மருந்தையும் தவறாமல் கொடுக்கச் சொன்னார். தெள்ளுப்பூச்சி எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், உடம்பெல்லாம் அரிக்கும்.

அரிப்பு உச்சத்தில் இருந்தபோது ஆக்லாசிட்டினிப் மாத்திரை கொடுத்தோம். மறுநாளே நிம்மதியாகத் தூங்கினான். ஒரு வயது ஆகாத குட்டிக்கு அது கூடாது. அது அரிப்பைத்தான் அடக்கும், ஈஸ்ட்டைக் கொல்லாது. அதற்குத்தான் ஷாம்பு.

ஷாம்பு போட்டதும் 10 நிமிடம் ஊற வேண்டும். உடனே அலசினால் காசுதான் வீண். நான் பாதத்தில் தொடங்கி மேலே போவேன், நோய் உள்ள இடத்தில் மருந்து அதிக நேரம் நிற்கும். கண்ணிலும் காதுக்குள்ளும் படவே கூடாது. அப்புறம் நன்றாக அலசி, விரலிடுக்கைத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் ஈஸ்ட் திரும்ப வரும். முதலில் வாரம் இருமுறை, வாடை போனபின் ஒருமுறை.

குறை என்றால், தோல் வறண்டு செதில் உதிர்கிறது. நாய்க்கான கண்டிஷனர் போட்டபின் பரவாயில்லை. பெரிய நாய்க்குப் பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடும், செலவு கையைக் கடிக்கிறது. அதற்காக நாம் போடும் சோப்புக்கு மாறாதீர்கள், நாய்த்தோலின் அமிலத்தன்மை வேறு. வேப்பெண்ணெய், மஞ்சள் பூசினால் அதையும் நக்கி உள்ளே தள்ளும்.

முடி இப்போது பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் மீண்டும் நக்க ஆரம்பிக்கிறான். உணவு ஒவ்வாமையும் இருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் சொன்னபடி 8 வாரம் ஒரே உணவு கொடுத்துப் பார்க்கப் போகிறோம். இடையில் ஒரு பிஸ்கட் கூடக் கூடாது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.