ஆர்டிஆர் என்று சொல்லி விற்ற ஆர்சி காரை வாங்கி ஏமாந்தேன்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்சி என்றால் ரிமோட்டில் ஓடும் கார், ஆர்டிஆர் என்றால் முழுதாகக் கட்டி ஓட்டத் தயாராக வருவது, பிரஷ்லெஸ் என்பது உள்ளே பிரஷ் இல்லாத உயர்தர மோட்டார், ஹாபி கிரேடு என்றால் பொம்மைத் தரத்துக்கு மேலானது. "புத்தம் புதிய ஆர்டிஆர், பிரஷ்லெஸ் மோட்டார், ஹாபி கிரேடு" என்று விளம்பரம் செய்திருந்த 1/10 அளவு ஆர்சி கார் ஒன்றை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்து சேர்ந்தது வேறு. யாரோ ஒரு கிட்டைப் (பாகங்களாக வரும், நாமே கட்ட வேண்டிய கார்) பிரித்துக் கட்டி, அதிலிருந்த நல்ல பாகங்களை உருவிக்கொண்டு, பொம்மைக் காரின் எலெக்ட்ரானிக்ஸைச் சொருகி, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பணம் திரும்பவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அதோடு வந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என் அக்கா மகன் கையில் இருக்கும்போதே வீங்கிவிட்டது. அவனுக்குப் பன்னிரண்டு வயது.

நான் முதலில் கேட்டது கிட்தான். அவனோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. விற்பனையாளரிடம் செய்தி அனுப்பியதும் உடனே தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகப் பேசினார். "சார், கிட் வாங்கினா அதுல மோட்டார் வராது, இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வராது, சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்), ரிமோட், பேட்டரி, சார்ஜர் எதுவும் வராது. பாடிக்கு பெயின்ட் கூட நீங்கதான் அடிக்கணும். கடைசியில கணக்குப் பார்த்தா ஆர்டிஆரைவிட ஜாஸ்தி ஆயிடும். பையன் ஓட்டத்தானே கேக்கிறான்? பெட்டியைத் திறங்க, ஓட்டுங்க" என்றார்.

இதில் பொய் என்று பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் என்னைச் சாய்த்தது. பெரும்பாலான கிட்களில் எலெக்ட்ரானிக்ஸ் வராது. சிலவற்றில் சாதாரண பிரஷ்டு மோட்டார் மட்டும் வரும், இன்னும் சிலவற்றில் இஎஸ்சியும் சேர்ந்து வரும். மற்றதைத் தனித்தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும். ஆர்டிஆரில் எல்லாம் பொருத்தப்பட்டு வரும். அதிலும் பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் விற்பது உண்டு என்பதால் அதை மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டும் உண்டு என்றார். சரி என்று பணத்தைக் கட்டினேன்.

முதல் நாள் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. ஸ்டியரிங்கை நேராக வைத்தாலும் கார் வலது பக்கம் இழுத்தது. சின்ன மேட்டில் ஏறி இறங்கினால் பந்து மாதிரி குதித்தது. ஒருமுறை கவிழ்ந்ததும் பாடியிலிருந்த சிவப்பு பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தரையில் கிடந்தது. அப்புறம் "கிர்ர்" என்று ஒரு சத்தம். மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக் கருகிய வாசனை.

விற்பனையாளரை அழைத்தேன். "புல்லுல ஓட்டியிருப்பீங்க சார், புல் சிக்கியிருக்கும்" என்றார். சிமென்ட் தரையில்தான் ஓட்டினோம் என்றேன். "அப்படின்னா ஸ்பர் கியர் போயிருக்கும், அது தேயற பொருள்தான், என்கிட்டயே ஸ்பேர் இருக்கு" என்றார். ஸ்பர் கியர் (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெரிய பல்சக்கரம்) தேயும் பாகம் என்பது உண்மை. ஆனால் பன்னிரண்டு நிமிடத்தில் தேயும் பாகம் இல்லை. இன்னொன்றையும் சொன்னார்: "நீங்களா கழட்டிடாதீங்க. மோட்டார் மவுன்ட் ஸ்க்ரூ மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அது கிழிஞ்சா வாரண்டி கிடையாது."

இந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஹாபி கிரேடு காரின் அடிப்படையே, அதைக் கழற்றலாம், பழுது பார்க்கலாம், பாகத்தை மாற்றலாம் என்பதுதான். பினியனை (மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) மாற்ற, கியர் இடைவெளியைச் சரிசெய்ய, டிஃப்பில் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) எண்ணெய் மாற்ற, ஓட்டுகிறவர்கள் அடிக்கடி வண்டியைத் திறக்கிறார்கள். மோட்டார் மவுன்டைத் திறக்கவே கூடாது என்று ஒருவர் சொன்னால், உள்ளே நீங்கள் பார்க்கக்கூடாத எதையோ வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது இது தெரியாது. ஸ்டிக்கரைத் தொடாமல் அவர் அனுப்பிய ஸ்பேருக்காகக் காத்திருந்தேன். ஸ்பேர் வந்து சேர்ந்தபோது, விற்பனைத் தளத்தில் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இருபது வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் ஓர் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார். சேஸிஸில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அப்புறம் ஒரு ஸ்க்ரூவைக் காட்டினார். தலையில் இருந்த பள்ளம் வட்டமாகச் சிதைந்திருந்தது. "தம்பி, இது ஜப்பான் கிட்டோட ஸ்க்ரூ. இதுக்கு ஜேஐஎஸ் டிரைவர், அதாவது ஜப்பான் தரத்துக்குச் செஞ்ச டிரைவர் போடணும். சாதாரண பிலிப்ஸ் டிரைவரைப் போட்டு முறுக்கினா இப்படித்தான் தலை போகும். இதைக் கட்டினது கம்பெனி இல்ல, யாரோ வீட்டுல உட்கார்ந்து அவசரத்துல கட்டியிருக்காங்க" என்றார். ஜப்பான் தயாரிப்பாளரான தமியாவின் கிட் கட்டியவர்களுக்கு இந்த ஸ்க்ரூ விவகாரம் நன்றாகத் தெரியும்.

அடுத்து மோட்டார். மேலே பளபளவென்று "பிரஷ்லெஸ்" என்று ஸ்டிக்கர். அதிலிருந்து வெளியே வருவது இரண்டே ஒயர். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று தடித்த ஒயர் வேண்டும். சென்சார் உள்ள மோட்டாராக இருந்தால் கூடுதலாக ஒரு மெல்லிய கேபிளும் இருக்கும். இரண்டு ஒயர் என்றால் அது பிரஷ்டு மோட்டார், மேலே என்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் சரி. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், விளம்பரப் படத்திலேயே எண்ணிவிடலாம். அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எண்ணத் தெரியவில்லை.

ஸ்டிக்கரைக் கிழித்து மோட்டாரைக் கழற்றினார். கியர் ஏன் போனது என்று அங்கே தெரிந்தது. கியர் பல்லின் அளவை மாட்யூல், பிட்ச் என்று இரண்டு முறையில் சொல்வார்கள். ஸ்பர் கியர் 0.6 மாட்யூல். மோட்டாரில் இருந்த பினியனோ 48 பிட்ச். மாட்யூல் கணக்கில் அது ஏறத்தாழ 0.53 வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், பக்கத்தில் வைத்தால் பல்லும் சேர்வதுபோலவே தோன்றும். ஓடும்போது உலோகப் பினியன் பிளாஸ்டிக் பல்லை மென்றுவிடும். விற்பனையாளர் எனக்கு விற்ற ஸ்பேர் ஸ்பரும் அதே 0.6 தான். போட்டிருந்தால் அதுவும் இன்னொரு பத்து நிமிடம் தாங்கியிருக்கும். கிட்டோடு வந்த சரியான பினியன் வேறு எங்கோ போய்விட்டது.

பினியன் மட்டுமா? உள்ளே அச்சாகியிருந்த பாக எண்களை வைத்து அண்ணன் அது எந்த கிட் என்று கண்டுபிடித்தார். அதன் கையேடு தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நானும் பையனும் நான்கு மாலை நேரம் உட்கார்ந்து வண்டியை முழுதாகப் பிரித்தோம். கையேட்டில் அச்சுகளுக்கு பால் பேரிங் என்று இருந்தது, வண்டியில் பிளாஸ்டிக் புஷ் (உள்ளே குண்டு இல்லாத வெறும் வளையம்). ஷாக் அப்சார்பர்களில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, அதனால்தான் அந்தக் குதிப்பு. டிஃப்பில் கிரீஸே வைக்கவில்லை. உலோகத்தோடு உலோகம் சேரும் ஸ்க்ரூக்களில் நீல நிற த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) எங்கும் இல்லை, மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்று ஏற்கெனவே கழன்றுகொண்டிருந்தது. பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கமாகத்தான் பெயின்ட் அடிப்பார்கள், கீறல் பட்டாலும் நிறம் போகாமல் இருக்க. இதில் வெளிப்பக்கம் ஏதோ சாதாரண ஸ்ப்ரே.

ஸ்டியரிங் சர்வோவில் ஐந்து ஒயர் இருந்தது. ஹாபி கிரேடு சர்வோவுக்கு மூன்று ஒயர்தான்: மின்சாரத்துக்கு இரண்டு, சிக்னலுக்கு ஒன்று. ஐந்து ஒயர் வகை பொம்மைத் தரக் கார்களில் வருவது. அதைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட், ரிசீவர், இஎஸ்சி எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். ஒன்று கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும். வெளியே வாங்கும் சர்வோவை அதில் சொருகவும் முடியாது. "ஹாபி கிரேடு" என்ற வார்த்தையின் பொருளே, எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் தனியாக மாற்றலாம் என்பதுதான். அந்த ஒரு பலகை அத்தனையையும் பொய்யாக்கிவிட்டது.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தப் பதிவே. அதன் மேல் 2எஸ் லைப்போ (இரண்டு செல் கொண்டது), 5000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. காலியாகும்வரை ஓட்டிய பேட்டரியை அண்ணன் தன் சார்ஜரில் போட்டபோது, நிரம்புவதற்கு அது எடுத்துக்கொண்டது 1900 எம்ஏஎச் சொச்சம்தான். ஏமாற்று, ஆனால் ஆபத்து இல்லை என்று நினைத்தோம். தவறு. லைப்போவில் ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது, இறங்கினால் செல் கெடும், வாயு சேர்ந்து வீங்கும். நல்ல இஎஸ்சியில் லைப்போ மோட் இருக்கும். மின்னழுத்தம் குறைந்ததும் அதுவே மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். இந்த பொம்மைப் பலகையில் அப்படி ஒன்று இல்லை. பேட்டரியில் உயிர் இருக்கும்வரை உறிஞ்சியது.

நாங்கள் பொருத்தமான பினியன் வாங்கிப் போட்டு மீண்டும் ஓட்டிய அன்று, வண்டி மெதுவாகிவிட்டதே என்று பையன் பேட்டரியைக் கழற்றினான். "மாமா, இது சுடுது, தலகாணி மாதிரி ஆயிடுச்சு" என்று கையில் தூக்கிக்கொண்டு வந்தான். வாங்கி வெளியே வெறும் தரையில் வைத்தேன். பிறகு மல்டிமீட்டரில் பார்த்தால் ஒரு செல் 3.1, இன்னொன்று 2.3 வோல்ட். கூடவே கொடுத்திருந்த யுஎஸ்பி சார்ஜரில் அதை அவன் அன்றிரவு செருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. வீங்கிய லைப்போவை எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். பேட்டரி மறுசுழற்சிக்கு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஆர்டிஆர் என்றாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். பெயர் பெற்ற தயாரிப்பாளர்களின் ஆர்டிஆர் கார்கள் நன்றாகவே இருக்கின்றன. முதல் காராக அதை வாங்குவதில் தவறே இல்லை. அதிலும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், டிஃப்பில் எண்ணெய் குறைவாக இருக்கலாம், ஆனால் என்ன போட்டிருக்கிறது என்பதற்கு ஒரு பாகப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பாகமும் எண் போட்டு தனியாகக் கிடைக்கும். நான் இப்போது யாரிடம் வாங்கினாலும் முதல் கேள்வி அதுதான்: மாடல் எண் என்ன, பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தோடு கையேடு எங்கே? அதற்கு நேரான பதில் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுகிறேன். பாடியைக் கழற்றி, மோட்டார் ஒயரும் சர்வோ ஒயரும் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். வண்டியின் அடிப்பக்கத்தையும் ஒரு படம். உண்மையான விற்பனையாளருக்கு இது இரண்டு நிமிட வேலை.

கிட் வாங்குகிறவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட பைகள் எல்லாம் தொழிற்சாலை ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியிலிருந்து உருவிய பேரிங்கும் பினியனும் எங்கோ ஒரு கிட் பையில் போய்ச் சேர்ந்திருக்கலாம், அதே மாதிரி வேறு யாருடைய கிட்டிலிருந்தோ பாகங்கள் காணாமல் போயிருக்கலாம்.

படங்கள், மல்டிமீட்டர் அளவு, கையேட்டின் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு சார்" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். விற்பனைத் தளத்தில் போட்ட புகாருக்குக் கெடு முடிந்துவிட்டது என்றே பதில்.

நேற்று அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பாடியின் நிறம் நீலம். காரை வைத்திருக்கும் பச்சைக் கோடு போட்ட மேசை விரிப்பு அதேதான், "புத்தம் புதிய ஆர்டிஆர், பிரஷ்லெஸ்" என்ற வரியும் அதேதான். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மோட்டாரிலிருந்து இரண்டு ஒயர்தான் வருகிறது.