திருச்சியில் ஆறு மாத ஹாஸ்பிடல் ஃப்ரண்ட் ஆபீஸ் கோர்ஸ்: கட்டிய 32,000 ரூபாயும் கைக்கு வந்த சம்பளமும்

என் பெரியம்மா மகளும் அவளோடு டிகிரி முடித்த பெண்களும் மூன்று மாதமாக மாற்றி மாற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்க படிச்ச அந்த ஃப்ரண்ட் ஆபீஸ் கோர்ஸ்ல சேரலாமா, முடிச்சா எவ்வளவு சம்பளம் வரும்?" ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் மருத்துவமனை ரிசப்ஷன் வேலை. போனில் சொல்லிச் சொல்லி பாதி விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பயிற்சி நிலையத்தின் பெயர் வேண்டாம். திருச்சியில் இதே மாதிரி நான்கைந்து இடங்கள் இருக்கின்றன, பாடமும் பேச்சும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 32,000 ரூபாய்க்கு இந்தக் கோர்ஸ் மதிப்பில்லை. பத்தாயிரம் என்றால் சேரச் சொல்வேன்.

நான் சேர்ந்தது 2019 ஜூனில். சேரும்போது 18,000, மூன்றாவது மாதம் 14,000 என்று இரண்டு தவணை. அப்பா லால்குடி கூட்டுறவு வங்கியில் நகை வைத்துக் கட்டினார். "நூறு சதவீதம் வேலை, ஆரம்பச் சம்பளம் பதினஞ்சாயிரம், ஒரு வருஷத்துல இருபது" என்று பயிற்சி நிலையத்து மேடம் சொன்னதை அப்பா அப்படியே நம்பினார், நானும் நம்பினேன்.

கோர்ஸில் நல்லது என்றால் மருத்துவச் சொற்கள் வகுப்புதான். கார்டியோ என்றால் இதயம், நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், எக்டமி என்று முடிந்தால் எதையோ வெட்டி எடுக்கிறார்கள் என்று அந்த மிஸ் சொல்லித்தந்த முறையில் இன்றைக்கும் எந்த கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, பார்த்தும் நான் திகைப்பதில்லை. போன் எடுத்துப் பேசும் பயிற்சியும் உருப்படியாக இருந்தது. எனக்கு அதுவரை முன்பின் தெரியாதவர்களிடம் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சேர்ந்தாற்போல் பேச வராது, அந்தக் கூச்சம் அங்கேதான் போனது. சேலை மடிப்பு, கொண்டை, எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் மூன்று வாரம் போனது. சாஃப்ட்வேர் என்று காட்டியதில் எண்டரைத் தட்டினால் அடுத்த படம் வரும், அவ்வளவுதான். நிஜ மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குப் புது ஓ.பி. எண் போடுவது, பழைய எண்ணைத் தேடி எடுப்பது, அட்வான்ஸ் வாங்குவது, பில்லை ரத்து செய்ய யாரிடம் கையெழுத்து வாங்குவது, எதுவும் அதில் இல்லை. கடைசி இரண்டு மாதம் "இன்டர்ன்ஷிப்". ஒரு மருத்துவமனை ரிசப்ஷனில் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை முழு வேலை, ஒரு ரூபாய் கிடையாது, பஸ் காசு கூட நம்முடையது. எங்கள் பேட்ச் முடிந்ததும் அடுத்த பேட்ச் வந்தது. அந்த மருத்துவமனை வருடம் முழுக்க ரிசப்ஷனுக்குச் சம்பள ஆளே வைக்காமல் ஓட்டியது என்று பிறகுதான் புரிந்தது. இதைச் சொல்லும்போது இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் அறுபது படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தில் 12,000 என்று இருந்தது. முதல் மாதம் கணக்கில் ஏறியது 9,362. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஹெச்.ஆர். அறைக்குப் போனேன், தப்பே இல்லை. 12,000 என்பது அவர்களுக்கு நம்மால் ஆகும் மொத்தச் செலவு. அதில் மொத்தச் சம்பளம் 10,400தான். அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 8,000-க்கு 12 சதவீதம், 960 ரூபாய், நிர்வாகம் பி.எஃப்.க்குக் கட்டுகிறது. 10,400-க்கு 3.25 சதவீதம், 338 ரூபாய், ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குக் கட்டுகிறது. மிச்சம் 302-ஐ சீருடை என்று எழுதி 12,000 ஆக்கியிருந்தார்கள். நம் பங்காக இன்னொரு 960-ம், 0.75 சதவீதமான 78 ரூபாயும் 10,400-இல் பிடித்தால் 9,362. ஆறு மாதம் படித்த கோர்ஸில் இந்தக் கணக்கை ஒரு மணி நேரம் சொல்லித்தந்திருந்தால் நான் அன்று அழுதிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று, அந்த 78 ரூபாயைப் பிடிக்காதீர்கள் என்று சொல்லும் பெண்களைப் பார்த்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். என்னோடு பில்லிங்கில் இருந்த ஒரு அக்காவுக்குப் பிரசவத்தின்போது ஈ.எஸ்.ஐ.யில் 26 வாரத்துக்கு முழுச் சம்பளம் கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பத்து பேர் வேலை செய்தாலே ஈ.எஸ்.ஐ. கட்டாயம், இருபது பேர் என்றால் பி.எஃப்.பும் கட்டாயம். இது இரண்டும் இல்லாமல் "கையில பன்னிரண்டு முழுசா தர்றோம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு, கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று இருப்பதும் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. மருத்துவமனை, நர்சிங் ஹோம் வேலைக்குத் தமிழ்நாட்டில் தனியாக நிர்ணயம் இருக்கிறது. விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் அகவிலைப்படி மாறும், தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். இன்டர்வியூவுக்குப் போகுமுன் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் நைட் டூட்டி. எனக்கு ஒரு இரவுக்கு 100 ரூபாய் கூடுதலாகத் தந்தார்கள். மாதம் எட்டு நைட் போட்டால் 800. காலையில் எட்டு மணிக்கு முடித்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்து லால்குடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன், இரண்டு தடவை ஊர் தாண்டிப் போயிருக்கிறேன். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, எங்கள் ரிசப்ஷனில் எல்லோரும் அதை ஒரு இன்க்ரிமென்ட் கணக்காகவே பேசினோம். மருத்துவமனை அந்த வருடம் தந்த இன்க்ரிமென்ட் 500, பஸ்ஸில் மிச்சமானது அதைவிட அதிகம்.

பிடித்தமும் சொல்ல வேண்டும். கேஷ் கவுண்டரில் இருந்தால் ராத்திரி கணக்கு நேராகாவிட்டால் குறையும் பணம் நம் சம்பளத்தில் போகும். ஒரு முறை 500 ரூபாய் குறைந்தது, கேள்வியே இல்லாமல் பிடித்துவிட்டார்கள். நம் கவனக்குறைவால் போனது என்றால்தான் பிடிக்கலாம், அதுவும் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகுதான் என்று சட்டம் இருக்கிறது. எனக்கு அன்று தெரியாது. பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருக்கச் சொல்வதும் அங்கே உண்டு, உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காதாம். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து எங்கள் கவுண்டரின் உள்பக்கம் ஒட்டியது நான்தான்.

இப்போது முக்கியமான விஷயம், சம்பளம் எதனால் ஏறுகிறது. எத்தனை வருடம் இருக்கிறோம் என்பதால் ஏறாது. நான் இரண்டரை வருடம் ஒரே ரிசப்ஷனில் நின்று 10,400-இலிருந்து 11,900-க்குத்தான் வந்தேன். என்னைத் தூக்கிவிட்டது இன்ஷூரன்ஸ் டெஸ்க். எங்கள் மருத்துவமனையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு மாதம் லீவு போட்டபோது என்னை உட்காரவைத்தார்கள், முதல் வாரம் நடுங்கிவிட்டேன்.

அந்த வேலை என்ன என்றால், கேஷ்லெஸ் நோயாளி, அதாவது பில்லை இன்ஷூரன்ஸ் நிறுவனமே நேராக மருத்துவமனைக்குக் கட்டும் நோயாளி, அட்மிட் ஆனதும் டாக்டர் குறிப்பு, ஸ்கேன், அடையாள அட்டை எல்லாம் சேர்த்து அந்த நிறுவனத்துக்கு ப்ரீ-ஆத், அதாவது முன் அனுமதி விண்ணப்பம், அனுப்ப வேண்டும். அங்கிருந்து க்வெரி வரும். எத்தனை வருடமாகச் சர்க்கரை, பாலிசி எடுக்கும்போது சொன்னாரா, இந்தப் பரிசோதனை எதற்கு என்று. கேஸ் ஷீட்டில் எழுதியதும் நாம் அனுப்பும் பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுத்துவிடுவார்கள். அறை வாடகை இன்னொன்று. பாலிசியில் ஒரு நாளைக்கு 3,000 வரைதான் என்று இருக்கும், குடும்பத்தினர் தெரியாமல் 5,000 ரூபாய் அறை எடுத்துவிடுவார்கள். அறை வாடகையில் மட்டும் வெட்டுவார்கள் என்று நினைப்பார்கள், பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். டிஸ்சார்ஜ் அன்று அது தெரியவரும்போது அவர்கள் கத்துவது ரிசப்ஷனில் நிற்கும் பெண்ணிடம்தான். அட்மிஷன் போடும்போதே பாலிசியைப் பார்த்து "ஐயா, உங்க லிமிட்டுக்கு இந்த அறை வேண்டாம், கீழே இருக்கிற அறை போதும்" என்று சொல்லத் தெரிந்த ஆள் இருந்தால் நோயாளிக்கும் நல்லது, மருத்துவமனைக்கும் பணம் ஒழுங்காக வரும். ப்ரீ-ஆத்துக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி கொண்டுவந்தது. அதற்கப்புறம் பேப்பரைத் தாமதம் இல்லாமல் சரியாக அனுப்பும் ஆளுக்கு மதிப்பு இன்னும் கூடியதை நானே பார்க்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அப்படித்தான். குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு. இதைப் பதற்றத்தில் வரும் ஒரு அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லி, எந்தச் சிகிச்சை பட்டியலில் வரும் என்று பார்த்து அனுமதி வாங்கத் தெரிந்தால் அந்தப் பெண்ணை எந்த மருத்துவமனையும் விடாது.

2022-இல் இந்த அனுபவத்தோடு என்.ஏ.பி.ஹெச். என்கிற மருத்துவமனைத் தர அங்கீகாரம் உள்ள ஒரு பெரிய இடத்துக்கு மாறினேன், மொத்தம் 17,500. ஒரே நாளில் 5,600 கூடியது. இப்போது 24,000. மொத்தச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் ஈ.எஸ்.ஐ. நின்றுவிடும் என்பதால் மருத்துவமனையின் குரூப் பாலிசியில் அப்பா அம்மா வருவார்களா என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கீகாரம் உள்ள இடத்தில் ஆடிட் வரும், பயிற்சிப் பதிவேடு, பணிக் குறிப்பு எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும், அதனால் நம் வேலை என்ன என்பதாவது தெளிவாக இருக்கும்.

மொழியும் காசு. வேலூரில் வங்காளம் பேசும் நோயாளிகள் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று ஊரே அறியும், அங்கே வங்காளமோ இந்தியோ தெரிந்த ரிசப்ஷன் பெண்ணுக்கு முதலிலேயே இரண்டு மூன்றாயிரம் கூட. என் தோழி ஒருத்தி சென்னையில் 19,000 வாங்குகிறாள், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 9,000 போகிறது. வீட்டிலிருந்து போய்வரும் திருச்சி 13,000-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவளே சொல்கிறாள். எம்.பி.ஏ. ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் படித்தவர்களுக்கு மேனேஜர் பக்கம் போக வழி இருக்கிறது. ஆனால் ரிசப்ஷன் கவுண்டரில் நிற்கும் வரை அவர்களுக்கும் நமக்கும் ஒரே சம்பளம்தான், இதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

அதனால் பயிற்சி நிலையத்துக்குப் போனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இன்ஷூரன்ஸ் டெஸ்க் வேலையை எத்தனை நாள், யார் சொல்லித்தருகிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 32,000-இல் எக்ஸெல், டைப்பிங், ஆங்கிலப் பேச்சு மூன்றையும் தனித்தனியாகக் கற்று, மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறிய மருத்துவமனை பில்லிங்கில் நேராகச் சேரலாம். மருத்துவச் சொற்களை அங்கேயே ஆறு மாதத்தில் கற்றுவிடுவீர்கள். எங்கே சேர்ந்தாலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். எங்கள் பேட்ச்சில் ஒருத்தி கொடுத்துவிட்டு, வேறு நல்ல வேலை கிடைத்தும் நான்கு மாதம் போக முடியாமல் நின்றாள்.

பெரியம்மா மகள் கோர்ஸில் சேரவில்லை. போன வாரம் ஒரு மருத்துவமனையில் பில்லிங்கில் சேர்ந்துவிட்டாள். நிர்வாகத்தின் மொத்தச் செலவுக் கணக்கை விட்டுவிட்டு, கைக்கு எவ்வளவு வரும் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறாள், 12,400 என்றார்கள். நைட் டூட்டி முடிந்தால் வண்டி உண்டா என்றும் கேட்டிருக்கிறாள், உண்டு என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கு மாற்றுவதாக வாயால் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறாள், அது இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.