டூம் எட்டர்னல்: கை காலியாகும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும்

2020 மார்ச்சில் வந்த நாள் முதல், பேய்களைச் சுட்டுத் தள்ளும் டூம் எட்டர்னல் கேம் மேல் விழும் புகார் ஒன்றேதான்: தோட்டா பத்தவில்லை. பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பற்றாக்குறையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று விளங்கியபின் கேம் முழுதும் வேறு மாதிரி தெரியும். பலமுறை முடித்த பிறகும் திரும்பத் திரும்ப இழுப்பது அதுதான்.

கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் ஷாட்கன் தோட்டா 16. சூப்பர் ஷாட்கன் ஒரு தடவைக்கு 2 தின்னும். எட்டு வெடியில் காலி. திறனை உயர்த்த உதவும் சென்டினல் கிரிஸ்டல்களை அம்மோ (தோட்டாக் கொள்ளளவு) பக்கமே போட்டு முழுதாக உயர்த்தினாலும் 24-ஐத் தாண்டாது. ஒரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுபவருக்கு அரை நிமிடத்தில் கை காலி. அதற்குத்தான் செயின்சா. அதன் எரிபொருளில் முதல் கட்டம் தானாகவே நிரம்பிவிடும். ஜாம்பி, இம்ப் போன்ற ஒரு சின்னப் பேயை அறுக்க அது போதும், எல்லா வகைத் தோட்டாவும் கொட்டும். சண்டை நடக்கும்வரை சின்னப் பேய்கள் வந்துகொண்டே இருப்பது இதற்காகத்தான். முதலில் அவற்றைத் துடைத்துவிட்டுப் பெரியவற்றைப் பார்க்கலாம் என்று இறங்கினால் சுடச் சுட வந்துகொண்டே இருக்கும், தோட்டாதான் வீண். அவை நடமாடும் அம்மோ பெட்டிகள். தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிர் குறைந்தால் குளோரி கில் (அடிபட்டுத் தள்ளாடும் பேயைக் கிட்டே போய் முடிப்பது), ஆர்மருக்கு, அதாவது கவசத்துக்கு, ஃபிளேம் பெல்ச் (தோளிலிருந்து தீ பீய்ச்சும் கருவி). இதில் பலர் தவறவிடுவது வரிசையை. கொன்றபின் தீ வைத்துப் பயனில்லை. கும்பல் மேல் முதலில் தீயைப் பீய்ச்ச வேண்டும், அது எரியும்போதே நடுவில் ஒரு ஃபிராக் கிரனேடு. எரியும் உடம்பில் விழும் ஒவ்வொரு அடிக்கும் பச்சைத் துண்டுகள் சிதறும். ஒரே வீச்சில் ஆர்மர் பாதிக்கு மேல் ஏறிவிடும். சூப்பர் ஷாட்கனின் கொக்கியான மீட் ஹூக்குக்கு மாஸ்டரி (இறுதி மேம்பாடு) வாங்கிவிட்டால் கொக்கி மாட்டிய பேய் தானே பற்றிக்கொள்ளும்.

அடுத்தது ஆயுதப் பாகங்களை உடைப்பது. சிலந்தி போன்ற அராக்னோட்ரானின் முதுகுத் துப்பாக்கியை ஷாட்கனின் ஸ்டிக்கி பாம்பாலோ (ஒட்டிக்கொள்ளும் குண்டு) ஹெவி கேனனின் பிரிசிஷன் போல்ட்டாலோ (குறிபார்த்துச் சுடும் முறை) முதலில் பிய்த்துவிடுங்கள், தூரத்திலிருந்து வரும் தொல்லை பாதி தீர்ந்தது. பறக்கும் பேயான ககோடீமன் வாயைத் திறக்கும் அந்த நொடியில் ஸ்டிக்கி பாம்பை உள்ளே செலுத்தினால் நேரே குளோரி கில்தான். கேடய சோல்ஜர்களுக்குப் பிளாஸ்மா துப்பாக்கி. கேடயம் வெடித்துப் பக்கத்தில் நிற்பவர்களையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

இதெல்லாம் விரல்களுக்குப் பழகவேண்டும் என்றால் கீ பைண்டிங்கை (எந்த விசை எதைச் செய்யும் என்ற அமைப்பை) மாற்றாமல் முடியாது. பெரிய சேதம் தரும் பாலிஸ்டா துப்பாக்கி சுட்டபின் மறுபடி தயாராக நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் சூப்பர் ஷாட்கனுக்கு மாறி ஒரு வெடி, அடுத்து பிரிசிஷன் போல்ட், திரும்பவும் பாலிஸ்டா. துப்பாக்கியை மாற்றினாலே காத்திருப்பு அறுந்துவிடும், சேதம் பல மடங்காகும். ஆனால் எண் வரிசையில் 6, 7 என்று தேடிப்போனால் அதற்குள் அடி விழும். இந்த மூன்றையும் நடப்பதற்கான டபிள்யூஏஎஸ்டி விசைகளைச் சுற்றியும் மவுஸின் பக்கவாட்டு பட்டன்களிலும் வையுங்கள். வெப்பன் வீல் (ஆயுதம் தேர்ந்தெடுக்கும் வட்டம்) திறந்தால் காட்சி மெதுவாகும். முதல் சில லெவல்களுக்கு அது சரி, பிறகு வேகத்துக்குத் தடை.

செட்டிங்ஸில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: டெக்ஸ்சர் பூல் சைஸ். இது படத்தின் தரம் என்று நினைத்து உச்சப் படியான அல்ட்ரா நைட்மேர் வைப்பார்கள். உண்மையில் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் டெக்ஸ்சர்களுக்கு (பொருட்களின் மேற்பரப்புப் படங்களுக்கு) எவ்வளவு ஒதுக்குவது என்ற கணக்கு அது. அளவு மீறினால் அந்த செட்டிங்கையே கேம் ஏற்க மறுக்கும். ஓரிரு படி குறைத்தால் பக்கத்தில் நிற்கும் சுவர் அப்படியேதான் இருக்கும். சட்டெனத் திரும்பும்போது எப்போதாவது ஒரு டெக்ஸ்சர் தாமதமாகத் தெளியும், அவ்வளவே. எஃப்ஓவி (பார்வைக் கோணம்) 90-இல் கிடக்கும், 105-க்கு மேல் ஏற்றுங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் அடி குறையும். மோஷன் பிளர் (வேகத்தில் காட்சியை மங்கலாக்குவது) வேண்டாம். கேமை இயக்கும் ஐடி டெக் 7 எஞ்சின், வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தில் மட்டுமே ஓடுவது. சாதாரண கார்டிலும் இவ்வளவு சீராக ஓடும் பெரிய பட்ஜெட் ஷூட்டர்கள் குறைவு. 2021 ஜூனில் சேர்த்த ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிடும் நுட்பம்) பிரதிபலிப்புகளுக்கு மட்டும்தான். இந்த வேகத்தில் அதைப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது.

இப்போது குறைகள். பெரியது மராடர் என்ற எதிரி. ஆறாவது லெவலின் முடிவில் வருகிறான். கிட்டே போனால் ஷாட்கனால் அடிப்பான், விலகினால் கோடரி வீச்சு. நடுத்தர தூரத்தில் நின்று கண் பச்சையாக மின்னும் கணத்தில் சுட வேண்டும். கேடயத்தில் சுட்டால் ஓநாயை ஏவிவிடுவான். தனியாக வந்தால் நல்ல சண்டை. கும்பலோடு வரும்போதுதான் பிரச்சினை: ஓடிக்கொண்டே இரு, மாற்றிக்கொண்டே இரு என்று அதுவரை சொல்லிக்கொடுத்த கேம், இங்கே நின்று காத்திரு என்கிறது. அதே தவறுதான் ஊதா நிறச் சேறும். அதில் கால் வைத்தால் தாவலும் இல்லை, டேஷும் (சட்டெனப் பாய்தலும்) இல்லை. இந்த கேமின் மிகச் சிறந்த இரண்டையும் பறித்துவிட்டு என்ன விளையாட்டு? புதுப் பேய் வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி வரும் பாடப் பலகைகளும் எரிச்சல்தான். அவற்றை மெனுவில் அணைத்துவிடலாம்.

2020 மே அப்டேட்டில் கெர்னல் மட்டத்தில் (இயங்குதளத்தின் மையத்தில்) இயங்கும் ஆன்டி-சீட்டை, அதாவது ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை, நுழைத்தார்கள். காசு கொடுத்து வாங்கி, தனியாக விளையாடுபவருக்கு அது எதற்கு? எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த அப்டேட்டிலேயே எடுத்தார்கள்.

கூடுதல் கதையான ஏன்ஷியன்ட் காட்ஸ் இரண்டு பாகங்களும் மெயின் கேமை விடக் கடினம், அதிலும் முதல் பாகம் தொடக்கத்திலிருந்தே நெருக்கும். பாலிஸ்டா, சூப்பர் ஷாட்கன் மாற்றம் யோசிக்காமல் கைக்கு வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். பழைய லெவல்களைக் கடினமாக்கிய மாஸ்டர் லெவல்களில் பழகிவிட்டுப் போவது உத்தமம்.